மண்ணுளி ஏறும் சரிவு

தோசைத் திருப்பியின் தட்டை முனையை வடிகால் சுவரோரம் செருகி, அதன்மேல் வந்து படுத்த பாம்பை அலுங்காமல் தூக்குகிறார் ராக்காயி. இடக்கையில் ஒரு மஞ்சள் பெயின்ட் வாளி. அதில் பாதி வரைக்கும் ஈரச் சருகும் கறுப்புக் காட்டு மண்ணும். உள்ளே விழுந்த பாம்பு தலையை மண்ணுக்குள் நுழைத்து, இரண்டே நெளிப்பில் காணாமல் போகிறது. "போ, உள்ள போயி ஒதுங்கு. வெரசா வீட்ல விடுறேன்" என்று வாளியிடம் சொல்லிவிட்டு, வடிகாலுக்குள்ளேயே அடுத்த அடி எடுத்து வைக்கிறார்.

காலை ஆறரை மணி. ஐப்பசி மழை விடியும்போதுதான் ஓய்ந்திருந்தது. கொடைக்கானலுக்கு மேற்கே, மேல்மலைக் கிராமங்களுக்குப் பிரிந்து போகும் சின்னச் சாலை அது. இரண்டு ஓரத்திலும் முழங்காலுக்கு மேல் ஆழமான காங்கிரீட் வடிகால். மேலேயும் சோலைக்காடு, கீழேயும் சோலைக்காடு, இடையிடையே பூண்டு வயல். மூடுபனிக்குள் ராக்காயியின் ஆரஞ்சு நிற வேலைச் சட்டை மட்டும் தனியாக நகர்ந்துகொண்டிருந்தது. அவரைப் பற்றி எழுத வந்திருந்த நான் வாளிக்குள் எட்டிப் பார்த்து, "ரெண்டுதானா?" என்று கேட்டேன். "ரெண்டே ரெண்டுதான்" என்றார். மகள் பரீட்சையில் முதலாவதாக வந்த செய்தியைச் சொல்கிற தாயின் குரல் அது.

ராக்காயி சாலைப் பராமரிப்புக் கூலி. இருபத்துமூன்று வயதில் தார்ச்சட்டி தூக்க வந்தவருக்கு இப்போது நாற்பத்தேழு. குழி அடைப்பது, ஓரப் புல் செதுக்குவது, சரிந்த மண்ணை அள்ளுவது, வடிகாலில் அடைத்த சருகைத் தள்ளுவது எல்லாம் அவருடைய வேலை. ஐந்தாவது கிலோமீட்டர் கல்லிலிருந்து பன்னிரண்டாவது கல் வரை உள்ளதை "என் ரோடு" என்பார். அதற்கு அப்பாலும் இப்பாலும் இருப்பது "கவருமென்ட் ரோடு." காரிலிருந்து சிப்ஸ் பாக்கெட்டை வீசுகிறவர்களை ஓடிப்போய் நிறுத்தி, "இது உங்களதுங்க, மறந்துட்டுப் போறீங்க" என்று மரியாதையாக நீட்டுவார். வாங்காமல் போனவர்கள் குறைவு.

காலில் இரண்டு ரப்பர் பூட்ஸ். ஒன்று கறுப்பு, ஒன்று பச்சை. வெவ்வேறு ஜோடியில் ஓட்டையாகாமல் மிஞ்சியவை. தலையில் கம்பளிக் குல்லாய், ஆனால் காதுக்கு மேலே சுருட்டி விட்டிருப்பார். "காதை மூடுனா வண்டி வர்றது கேக்காது சார். நம்ம காதுதான் நம்ம பிரேக்கு." வெறும் கையிலும் பாம்பை எடுக்கும் இந்த அம்மாளுக்குப் பல்லி என்றால் உயிரே போய்விடும். அடுப்படிச் சுவரில் ஒரு பல்லி கத்தினால் பால் பொங்கி வழிந்தாலும் உள்ளே போகமாட்டார். கணவர் நல்லுசாமி பூண்டு வயலிலிருந்து வந்து விரட்டிக் கொடுக்க வேண்டும். "பாம்பு நம்மளப் பாக்காது சார். பல்லி பாக்குது" என்று காரணம் சொல்கிறார். மேற்கொண்டு கேட்டால் கோபம் வந்துவிடுகிறது.

அவர் எடுப்பது விஷப் பாம்பு அல்ல. நீளம் ஒரு முழம்கூட இருக்காது. சுண்டுவிரல் பருமன். முதுகு கறுப்பு, விலாவில் மஞ்சள் கோடு. ஈரம் பட்டு வெளிச்சத்தில் திரும்பினால் மயில் கழுத்து மாதிரி மினுங்கும். தலை கூர்மை, வாலோ, யாரோ சாய்வாக வெட்டிவிட்டது போல மொட்டையாக, சொரசொரப்பாக இருக்கும். அந்த மொட்டை வாலில் எப்போதும் ஒரு சிட்டிகை மண் அப்பியிருக்கும். வளைக்குள் போனதும் அதையே கதவாக வைத்து அடைத்துக்கொள்ளும். சாப்பாடு மண்புழு. கையில் எடுத்தால் கடிக்காது, விரலில் மோதிரம் போலச் சுற்றிக்கொள்ளும். படித்தவர்கள் கேடயவால் பாம்பு என்கிறார்கள். இந்தப் பக்கத்து ஆட்களுக்கு அது மண்ணுளி.

மண்ணுளி நக்கினால் குஷ்டம் வரும் என்று ஒரு பயம் மலையிலும் உண்டு, கீழேயும் உண்டு. அதனால் மண்ணைக் கொத்தும்போது தென்பட்டால் முதல் வெட்டு அதற்குத்தான். ராக்காயியும் அப்படி வெட்டியவர்தான். அதை அவர் மறைப்பதில்லை.

"ஆறு வருசமிருக்கும் சார். ஓரப் புல்லு செதுக்கையில மம்பட்டி ஒண்ணு மேல விழுந்துருச்சு. விழுந்துச்சுன்னு சொல்லக்கூடாது, தெரிஞ்சேதான் போட்டேன். ரெண்டு துண்டு. அது வயித்துலேர்ந்து குட்டி நாலு வெளிய வந்துச்சு. முட்டையில்ல, குட்டி. பென்சிலுக்குள்ள இருக்குமே ஊக்கு, அந்தத் தண்டிதான். ஆத்தாக்காரி செத்துக் கெடக்கா. இதுக நாலும் மூஞ்சிய மண்ணுல வச்சு, ஒண்ணு பின்னால ஒண்ணா உள்ள போயிருச்சுக."

"அழுதீங்களா?"

"அழுகல. மம்பட்டியக் கழுவிக்கிட்டே இருந்தேன். கழுவினது போதும்னு தோணவேயில்ல."

அன்று முதல் அவர் மம்பட்டி மண்ணுளி மேல் விழவில்லை. ஆனால் அதைவிடப் பெரிய வெட்டு ஒன்று அவர் கையாலேயே நடந்தது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் சாலையை அகலப்படுத்தி, முதல் நான்கு கிலோமீட்டருக்கு இருபுறமும் வடிகால் கட்டினார்கள். சாலைக்கு அது நல்லதுதான். மழைக்காலத்தில் மூன்று இடத்தில் அறுத்துக்கொண்டு போகும் தார், இப்போது ஓரிடத்திலும் அறுபடுவதில்லை. அந்த வடிகாலுக்குக் காங்கிரீட் கலந்து கொட்டியவர்களில் ராக்காயியும் ஒருவர். சுவர் நெட்டுக்குத்தாக, தேய்த்த தோசைக்கல் போல வழவழவென்று அமைந்ததில் அவருக்குப் பெருமைகூட இருந்தது.

அந்த ஐப்பசியில் முதல் பெருமழை பெய்த மறுநாள் காலை வேலைக்கு வந்தவர், காக்காய்கள் வடிகால் விளிம்பில் வரிசையாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். உள்ளே எட்டிப் பார்த்தார். மண்ணுக்குள் தண்ணீர் ஏறியதும் வெளியே வந்து, சாலையைக் கடந்து மறுபக்கச் சோலைக்குப் போக முயன்ற மண்ணுளிகள் அத்தனையும் வடிகாலுக்குள் கிடந்தன. வழவழச் சுவரில் ஏற முடியாமல் நீளத்துக்கு ஓடி, களைத்து, வெயில் வந்ததும் காய்ந்து, மீதி காக்காய்க்கு. நாற்பத்தோரு பாம்புகள். உயிரோடு இருந்தவை ஒன்பது. பெயின்ட் வாளியில் மண்ணை அள்ளிப் போட்டு அந்த ஒன்பதையும் சோலைக்குள் கொண்டுபோய் விட்டார்.

மறுநாளிலிருந்து எட்டு மணி வேலைக்கு ஐந்தரைக்கே வந்துவிடுவார். "வெள்ளனே வந்தாத்தான் காக்காய்க்கு முன்னால பாக்கலாம்." ஊரில் அவருக்குப் 'பாம்பு ராக்காயி' என்று பெயர் வந்தது. தண்ணீர்க் குழாயில் சிலர் அவருடைய குடத்தைத் தள்ளியே வைத்தார்கள்.

ரோகிணி வந்தது இதற்குப் பிறகுதான். மலைப் பாம்பினங்களைப் பற்றி ஆராய்ச்சி செய்கிற மாணவி. மழையில் ஸ்கூட்டரில் வந்தவர், வடிகாலுக்குள் வாளியோடு ஓர் அம்மாள் நடப்பதைப் பார்த்து நிறுத்தினார்.

"அக்கா, வாளியில என்ன?"

"மண்ணுளி தாயி. பயப்படாத, ஒண்ணும் செய்யாது."

ரோகிணி பயப்படவில்லை. ஈரச் சாலையிலேயே மண்டியிட்டு வாளிக்குள் கையை விட்டார். ஒவ்வொன்றாக எண்ணி முடித்ததும் அவர் குரலே மாறிவிட்டது. "அக்கா, நான் மூணு மாசமா இந்த மலையில கல்லு கல்லாப் புரட்டி ஏழு பாத்திருக்கேன். நீங்க ஒரு வாளியில பதினொண்ணு வச்சிருக்கீங்க."

"இது இன்னைக்கி. நாளைக்கும் வா."

மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாளும். வடிகாலில் இருவரும் சேர்ந்து நடந்த ஒரு காலையில்தான் அந்தப் பேச்சு வந்தது. ரோகிணி சொன்னார்: "தீவுன்னா கடலுக்கு நடுவுலதான் இருக்கணும்னு இல்லக்கா. இந்த மலை உச்சியும் தீவுதான். சுத்தி இருக்கிற வெயில்தான் கடல். இதைக் கொண்டுபோய் பழனியில விட்டா ஒரு நாள் தாங்காது. பக்கத்து மலைக்குப் போகவும் வழியில்ல. இலங்கை மலையில இதுக்குச் சொந்தக்காரங்க உண்டு, ஆனா அது வேற இனம்."

"எங்க ஊருலயும் நாலு வீட்டுக்கு அங்கனதான் சொந்தம்" என்று ராக்காயி சிரித்தார்.

"இது இந்த மலையில மட்டும்தான்க்கா. இங்க போச்சுன்னா உலகத்துலயே போச்சு."

ராக்காயியின் சிரிப்பு நின்றது. வடிகால் சுவரை ஒரு கையால் தடவிக்கொண்டே நடந்தார். பிறகு, "அப்ப இந்தத் தீவை ரெண்டா வெட்டுனது நான்தான" என்றார்.

அவர் மட்டும் வெட்டியதல்ல என்பது மேல்மலையைச் சுற்றி வந்தவர்களுக்குத் தெரியும். பழைய காலத்தில் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து நட்ட வாட்டில் மரமும் பைனும் சோலைக்குள் நுழைந்து தண்ணீரை உறிஞ்சுகின்றன. மிஞ்சிய சரிவில் கேரட்டும் பூண்டும். அவற்றுக்கு அடிக்கும் மருந்து மண்ணுக்குள் இறங்கி மண்புழுவைக் கொல்கிறது. வருஷத்துக்கு நாலைந்து இடத்தில் காட்டேஜ் கட்ட மலையைச் செதுக்குகிறார்கள். தீவு எல்லாக் கரையிலிருந்தும் சுருங்கிக்கொண்டு வருகிறது. ஆனால் ராக்காயிக்கு அந்தக் கணக்கு வேண்டியிருக்கவில்லை. தன் கையால் கொட்டிய காங்கிரீட் ஒன்றுதான் அவர் மனசில் நின்றது.

அப்போதுதான் அடுத்த செய்தி வந்தது. மீதியுள்ள மூன்று கிலோமீட்டருக்கும் கோடையில் வடிகால் வரப்போகிறது. சோலை சாலைக்கு மிக நெருக்கமாக வருவதே அந்த மூன்று கிலோமீட்டரில்தான். ஒரு ஆள், ஒரு வாளி, ஏழு கிலோமீட்டர். முடியாது என்று ராக்காயிக்குத் தெரிந்தது.

வடிகால் வேலையும் சாலைப் பராமரிப்பும் பாலசமுத்திரத்து நாச்சிமுத்துவின் ஒப்பந்தம். ராக்காயிக்கு வேலை கொடுப்பவர் அவர்தான். நல்ல மனிதர். கொய்யா சீசனில் ஆயக்குடியிலிருந்து ஒரு கூடைப் பழம் வேலையாட்களுக்கென்று ஏற்றிக்கொண்டு வருவார். மண்ணுளி என்று யாராவது சொன்னால் மட்டும் அன்று ஜீப்பை விட்டு இறங்கமாட்டார்.

"அண்ணே, சுவரு நெட்டுக்க நிக்கிது. ஏற வழியில்லாம சாகுதுக. அங்கங்க ஒரு சரிவு வச்சுக் குடுங்க" என்று ராக்காயி கேட்டார்.

"பாம்புக்குப் படிக்கட்டா? பிளான்ல இல்லம்மா. தண்ணி மறிச்சு ரோட்டுக்கு ஏறுச்சுன்னா எந் தலைதான் உருளும்."

"தண்ணியும் போகணும், பாம்பும் ஏறணும். ரெண்டுக்கும் நான் வழி சொன்னா?"

"சொல்லு, பாப்போம்." சிரித்துக்கொண்டே வண்டியை எடுத்தார் நாச்சிமுத்து.

அவர் அதை விளையாட்டாகச் சொன்னார். ராக்காயி வாக்காக எடுத்துக்கொண்டார். நல்லுசாமியின் பூண்டுக் கொட்டகைக்குப் பின்னால் பலகைக் கல்லும் மிச்ச சிமென்ட்டும் வைத்துப் பன்னிரண்டு அடி நீளத்துக்கு ஒரு பொய் வடிகால் எழும்பியது. ரோகிணியிடம் இருந்த வனத்துறை அனுமதியின் பேரில், கோடை மழையில் பிடிபட்ட பாம்புகளை அதில் விட்டுப் பார்த்தார்கள். முதல் சரிவு மழமழப்பாக இருந்தது. பாம்பு பாதி ஏறி வழுக்கி விழுந்தது. இரண்டாவது சரிவில் ஈரச் சிமென்ட்டின் மேல் கூழாங்கல்லையும் சல்லியையும் பதித்தார். பாம்பு ஏறிவிட்டது. ஆனால் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினால், குறுக்கே நின்ற சரிவில் சருகு அடைத்துத் தண்ணீர் மேலே பொங்கியது. நாச்சிமுத்து பயந்ததும் அதற்குத்தான்.

"பூண்டுக்குத் தண்ணி பத்தலன்னு நான் நிக்கிறேன், நீ பாம்புக்கு ஆறு விடுறியா?" என்று நல்லுசாமி சத்தம் போட்டார். சத்தம் போட்டுவிட்டு, அடுத்த குடத்தையும் அவர்தான் தூக்கி ஊற்றினார்.

வழி பிறந்தது வடிகாலில் நடந்த நடையிலிருந்துதான். அதை ராக்காயி சொல்லும்போது இரண்டு கைகளும் சுவராகிவிடுகின்றன. "ஒண்ணரை வருசமா அதுக பின்னாலயே நடக்குறேன் சார். ஒண்ணுகூட நடுவுல போகாது. ஒடம்பு சுவத்தைத் தொட்டுக்கிட்டேதான் போகும். கண்ணு சரியாத் தெரியாதுல்ல? அப்ப, சுவரு எங்கன திரும்புதோ அங்கன அதுவும் திரும்பித்தான ஆகணும்?"

ஆகவே சரிவை வடிகாலுக்குள் வைக்காமல் வெளியே கொண்டுபோனார். சுவரில் ஒரு முழ அகலம் உடைத்து, அந்த இடத்தில் சுவரையே காட்டுப் பக்கமாக வளைத்து, வளைவுக்குள் கல் பதித்த சரிவு. தண்ணீர் தன்பாட்டுக்கு நேராகப் போகும். சுவரைத் தொட்டுக்கொண்டு வரும் பாம்பு வளைவில் திரும்பும், தானாக மேலே ஏறும். ஏழு பாம்பை விட்டுப் பார்த்தார்கள். ஆறு ஏறின. ஏழாவது பாதியில் திரும்பி வந்து, கொஞ்சம் யோசித்துவிட்டு, அதுவும் ஏறியது.

"வீட்டுல வச்சது வேற, ரோடு வேற" என்றார் நாச்சிமுத்து. காங்கிரீட் கொட்டுவதற்கான இரும்புப் பலகைகள் அந்த வாரமே வந்து இறங்கின.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கடப்பாரையும் உளியும் எடுத்துக்கொண்டு ராக்காயி ஏழாவது கல்லுக்குப் போனார். தான் கொட்டிய காங்கிரீட்டைத் தானே உடைத்தார். ஒரு முழம் உடைக்க மதியமாகிவிட்டது. நல்லுசாமி கல் பதித்தார். சாயங்காலம் சரிவு தயார்.

திங்கட்கிழமை நாச்சிமுத்து ஜீப்பிலிருந்து தாவி இறங்கினார். "கவருமென்ட் சுவத்தை ஒடச்சுப்புட்டியே! இன்ஜினியரம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்ல? நாளையிலேர்ந்து வேலைக்கு வராத."

இருபத்துநான்கு வருஷத்து வேலை ஒரு வாக்கியத்தில் போயிற்று. அன்று எப்படி இருந்தது என்று கேட்டேன். ராக்காயி தன் பச்சை பூட்ஸில் ஒட்டிய சேற்றைச் சுரண்டினார். "பயந்து போய்த்தான் கெடந்தேன் சார். பூண்டை மட்டும் நம்பி எங்க வீட்டுல அடுப்பு எரியாது. வீட்டுக்காரரு ஒரு வார்த்தை திட்டல. திட்டியிருந்தாக்கூட நல்லாயிருந்துருக்கும்."

ஆனால் மறுநாள் ஐந்தரைக்கு வாளியோடு வடிகாலில் இறங்கிவிட்டார். "வேலைக்குத்தான வரவேணாம்னாரு? ரோட்டுக்கு வரவேணாம்னு சொல்லலையே."

மூன்றாம் நாள் உதவிப் பொறியாளர் ஜெயப்பிரியா வந்தார். முப்பது வயதுக்குள் இருக்கும். கீழேயிருந்து மாற்றலாகி வந்து நாலு மாதம். மலைக் குளிர் இன்னும் பழகவில்லை. முந்தின சாயங்காலம் நல்ல மழை. உடைந்த சுவரின் முன்னால் நின்றுகொண்டு ராக்காயியைக் கூப்பிட்டனுப்பினார்.

"சுவரை நீங்கதான் உடைச்சீங்களா?"

"நான்தாங்கம்மா."

"யாரைக் கேட்டு உடைச்சீங்க?"

"யாரையும் கேக்கலைங்க. இந்தச் சுவருக்குக் காங்கிரீட் போட்டதும் நான்தான். எங்கன பலம், எங்கன ஒடைக்கலாம்னு எனக்குத் தெரியுங்க. அதுக்குத் தண்டனை குடுங்க, வாங்கிக்கிறேன். ஆனா அதை மூடச் சொல்றதுக்கு முன்னால ஒரு தடவை பாத்துட்டுச் சொல்லுங்கம்மா."

ஜெயப்பிரியா டேப்பை எடுத்து அளந்தார். வடிகால் அகலம் ஓர் அங்குலம்கூடக் குறையவில்லை. சாலை வேலைக்கு வந்திருந்த தண்ணீர் லாரியை மேட்டில் நிறுத்தித் திறந்துவிடச் சொன்னார். தண்ணீர் சருகையும் அடித்துக்கொண்டு வளைவைத் தாண்டி நேராக ஓடியது. சரிவின் அடிக்கல் மட்டும் நனைந்தது.

"சரி. இதுல பாம்பு ஏறும்னு நான் எப்படி நம்புறது?"

ராக்காயியின் வாளியில் அப்போது மூன்று பாம்புகள் இருந்தன. அவர் வாளியைத் தூர வைத்தார். "நான் எடுத்து விட்டா நீங்க நம்பமாட்டீங்க. அதாவே வரட்டும். கொஞ்சம் நில்லுங்கம்மா."

நின்றார்கள். நாச்சிமுத்து கண்ணாடியை ஏற்றிவிட்டு ஜீப்புக்குள் இருந்தார். கால் மணி நேரம், அரை மணி நேரம். ஜெயப்பிரியா இரண்டு முறை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ராக்காயி குத்துக்கால் வைத்து உட்கார்ந்து வடிகாலின் மேல் மூலையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அரை மணி நேரத்தில் தன் வாய் வேண்டாத சாமி இல்லை என்கிறார்.

பிறகு சருகு ஒன்று அசைந்தது. சுவரைத் தொட்டபடி ஒரு மண்ணுளி வந்தது. அவசரமே இல்லை. வளைவின் முனைக்கு வந்ததும் நின்றது. நாக்கை நீட்டிக் காற்றைப் பார்த்தது. தலையை வடிகாலின் நடுப்பக்கம் கொஞ்சம் திருப்பியது. ராக்காயி குத்துக்காலிலிருந்து பாதி எழுந்துவிட்டார். மறுபடி சுவரைத் தேடி, தொட்டு, வளைவோடு வளைந்து சரிவுக்கு வந்தது. ஒரு கூழாங்கல்லில் வழுக்கியது, அடுத்த கல்லில் உடம்பை முட்டுக்கொடுத்தது. ஏறியது. மேலே புல் மூன்று முறை அசைந்தது. அவ்வளவுதான்.

"போயிருச்சு!" என்று கத்தியது ஜெயப்பிரியாதான். ராக்காயியின் முழங்கையைத் தான் கெட்டியாகப் பிடித்திருந்தது அதற்குப் பிறகுதான் அவருக்கே தெரிந்தது. விடாமலே கேட்டார்: "எத்தனை அடிக்கு ஒண்ணு வேணும்?"

"நூறு அடிக்கு ஒண்ணுங்க. அதுக்கு மேல ஓடுனா சோந்துரும். ரோட்டுப் பக்கச் சுவத்துலயும் நேருக்கு நேரா ஒண்ணு இருக்கணும், அப்பத்தான் கடந்து போகும்."

"பழைய வடிகால்லயுமா?"

"அங்கதாங்கம்மா மொதல்ல."

ஜீப்பின் கண்ணாடி இறங்கியது. "மேடம், அப்ப இந்தம்மாவை..." என்று நாச்சிமுத்து இழுத்தார்.

"வேலைக்கு வருவாங்க. சரிவு வைக்கிற வேலைக்கு இவங்கதான் மேஸ்திரி. நான் வரைபடத்தை மாத்தி மேல அனுப்புறேன்" என்றார் ஜெயப்பிரியா.

வரைபடம் மேலே போய் ஒப்புதலோடு திரும்பி வர ஒரு மாதம் ஆயிற்று. வைகாசியில் தொடங்கிய வேலை ஐப்பசியிலும் ஓடுகிறது. சோலையை ஒட்டிய ஐந்து கிலோமீட்டருக்கு, இருபுறமும் சேர்த்து முன்னூற்றுச் சொச்சம் ஜோடிச் சரிவுகள். ஆண் கொத்தனார்களுக்கு ஒரு பெண் மேஸ்திரி. முதல் வாரம் முணுமுணுத்தார்கள். கல் பதித்து முடித்த ஒவ்வொரு சரிவிலும் ராக்காயி வெறும் முழங்கையை வைத்துத் தேய்த்துப் பார்ப்பார். கீறல் விழுந்தால் "பாஸ்." விழாவிட்டால், "பிரிங்கண்ணே. இது நமக்கு வழவழன்னு இருக்கு, அதுக்குச் சாவு." அந்த ஆறு மாதத்துத் தழும்புகள் இரண்டு முழங்கையிலும் இருக்கின்றன. சட்டையை மடக்கிக் காட்டும்போது முகத்தில் அப்படியொரு களிப்பு.

இந்த ஐப்பசியின் முதல் பெருமழைக்கு மறுநாள் ரோகிணியும் அவரும் ஆளுக்கொரு பக்கமாக ஐந்து கிலோமீட்டரும் நடந்தார்கள். வேலை முடிந்த பகுதியில் செத்த மண்ணுளி ஒன்றுகூட இல்லை. சரிவுகளின் ஈர மண்ணில் பாம்பு ஏறிய தடம், தவளைத் தடம், நண்டுத் தடம். சாலைக்குக் கீழ்ப்புறச் சோலையில் ரோகிணி ஒரு மரக்கட்டையைப் புரட்டியபோது, பென்சில் ஊக்குத் தண்டியில் குட்டிகள் ஐந்து. வேலை பாக்கியிருக்கும் கடைசி அரைக் கிலோமீட்டரில் மட்டும்தான் இன்னும் வாளியும் தோசைத் திருப்பியும். நான் பார்த்த அந்த இரண்டு பாம்புகள் அங்கே கிடைத்தவைதான். பக்கத்துக் கோட்டத்திலிருந்து இரண்டு பொறியாளர்கள் வந்து, சரிவைப் படம் எடுத்து, அளவெடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். அவர்களுக்கு அளவு சொன்னது ராக்காயி.

பூண்டு வயலில் வேலை செய்கிற பெண்களில் சிலர் இப்போது மண்ணுளியை மம்பட்டித் தகட்டில் ஏந்தி வரப்புக்கு அப்பால் விடுகிறார்கள். குஷ்டப் பேச்சை எடுக்கிறவர்களிடம் ராக்காயி வாதாடுவதில்லை. இரண்டு உள்ளங்கையையும் நீட்டுகிறார். "ரெண்டு வருசமாத் தொடுறேன். தோலைப் பாத்துட்டுப் பேசுங்க."

நாச்சிமுத்து இன்னும் பாம்பைத் தொடுவதில்லை. ஆனால் போன வாரம் பதினோராவது கல்லருகே ஜீப்பை நிறுத்திவிட்டு, "ராக்காயி, இங்கன ஒண்ணு கெடக்கு, வெரசா வா!" என்று போனில் கத்தியிருக்கிறார். இவர் ஓடிப் போய்ச் சேர்ந்தபோது, நாச்சிமுத்து குடையை விரித்துப் பிடித்து, தன்னால் முடிந்தவரை தள்ளி நின்றபடி, காக்காய்களிடமிருந்து அதைக் காத்துக்கொண்டிருந்தார்.

வாளியிலிருந்த இரண்டையும் சோலைக்குள் விட்டுவிட்டு நாங்கள் சாலைக்கு ஏறியபோது மணி ஏழே முக்கால். எதிரே சாலைப் பக்கச் சரிவு ஒன்றின் உச்சியில் புல் விலகி, ஒரு மண்ணுளி வெளியே வந்தது. வடிகாலிலிருந்து தானாக ஏறி வந்தது. தார்ச்சாலையின் விளிம்பில் ஒரு கணம் நின்று, கீழ்ப்புறச் சோலையை நோக்கிக் கடக்கத் தொடங்கியது. அதே நேரம் வளைவில் காலை பஸ்ஸின் ஹாரன். அதற்குப் பின்னால் சுற்றுலா வேன்கள்.

ராக்காயி நடுச்சாலைக்குப் போய் நின்றார். வலக்கையை உயர்த்தி உள்ளங்கையை விரித்தார். பனியைக் கிழித்துக்கொண்டு வந்த பஸ், அவருக்கு நாலு அடி முன்னால் முனகிக்கொண்டு நின்றது. ஓட்டுநர் தலையை வெளியே நீட்டி, "ஏக்கா, டைம் ஆச்சுக்கா!" என்றார். பின்னால் வேன்கள் ஒவ்வொன்றாக வந்து நின்றன. பாம்பு தார்ச்சாலையின் நடுக்கோட்டுக்கு வந்து, சற்று ஓய்ந்து, மறுபடி நகர்ந்தது. ராக்காயி திரும்பிப் பார்க்கவில்லை. கையை இறக்கவும் இல்லை.